முனி நடக்கும் தண்டவாளம்

பாலன் மரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துக் கற்பூரத்தைக் கொளுத்தினான். அவன் கொண்டுவந்த மரம் அறுக்கும் செயின்சா பக்கத்தில் புல்லில் கிடந்தது.

குமுதா வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிக்குப் பின்னால், ரயில் ஓடாமல் போய்ப் பல வருடமான தண்டவாளம் அது. இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள் தாமாக வளர்ந்து பந்தல் போட்டிருந்தன. அந்த நிலத்தை ஊர் நடக்கும் பசுமைப் பாதையாக விடுவதா, கார் நிறுத்துமிடம் கட்டக் கொடுப்பதா என்று திங்கட்கிழமை மாநகர மன்றம் முடிவு சொல்கிறது.

பசுமைப் பாதைக்காக வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கியவள் குமுதா. திங்கட்கிழமை என்று கொட்டை எழுத்தில் வேலியில் பதாகையும் கட்டியிருந்தாள்.

கார் நிறுத்துமிடம் கட்டக் காத்திருந்த முதலாளி தாவ்கேக்கு அதுவரை பொறுமை இல்லை. மரமே இல்லாவிட்டால் பசுமைப் பாதை ஏது? சனிக்கிழமை காலையிலேயே ஆளை அனுப்பிவிட்டார்.

அனுப்புவார் என்று குமுதா எதிர்பார்த்ததுதான். முந்தின நாள் மாலையே மஞ்சள் துணி வாங்கிவந்து முதல் மரத்தில் சுற்றி, குங்குமம் தடவி, அடியில் ஒரு கல்லையும் நட்டு வைத்தாள். மஞ்சள் துணி கட்டிய மரம் என்றால் இந்த ஊரில் யாராக இருந்தாலும் யோசிப்பார்கள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. வந்த பாலன் நம்ம தமிழாளாகப் போய்விட்டான். சாமி இருக்கும் மரத்தை வெட்டுமுன் என்ன செய்யவேண்டும் என்று நம்மாளுக்குத் தெரியும். பழம் வைத்து, கற்பூரம் காட்டி, வேறு மரத்துக்குப் போய்விடு என்று கும்பிட்டுவிட்டால் போதும்.

பாலன் கும்பிட்டுவிட்டுத் திரும்பினான்.

"அக்கா, இங்க பூசை போடுறது நீங்கதானா? சாமிய எந்த மரத்துக்கு மாத்துறதுன்னு சொல்லுங்க. அத மட்டும் விட்டுடுறேன்."

ஒரு மரத்தைக் காட்டினால் மற்றதெல்லாம் போச்சு. இல்லாத சாமிக்கு எங்கே இடம் பார்ப்பது? குமுதாவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. கண் தண்டவாளத்தோடு ஓடி, அது வளைந்து மறையும் இடத்தில் நின்றது.

"மாத்த முடியாதுலா தம்பி. இது முனி. ஒரு மரத்துல உக்காராது, இந்தத் தண்டவாளம் முழுக்க நடக்கும். முனி நடக்கிற பாதையில கத்தி வைப்பாங்களா?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தாள்.

பாலன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தண்டவாளத்தை ஒருமுறை நீளப் பார்த்தான். பிறகு கைப்பேசியை எடுத்துத் தாவ்கேயிடம் மலாயில் பேசினான். இது முனி போகிற வழி, தன்னால் முடியாது, வேறு யாரும் வரமாட்டார்கள், எதுவானாலும் திங்கட்கிழமைக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றான். தாவ்கே கத்தியது குமுதாவுக்கே கேட்டது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தமும் அடங்கியது.

செயின்சாவைத் தூக்கி லோரியில் போட்டான். போட்டவன் ஏறவில்லை, மறுபடி மரத்துக்கு வந்தான்.

மஞ்சள் துணியின் ஓரத்தில் ஜவுளிக்கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. குமுதா அப்போதுதான் அதைப் பார்த்தாள். பாலன் நகத்தால் கிள்ளி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். லோரியில் ஏறினான்.

லோரி போய்விட்டது. அவள் மரத்தடியில் குனிந்து பார்த்தாள்.

ஸ்டிக்கர் இருந்த இடத்துக்கு நேர் கீழேதான் அவன் கற்பூரம் கொளுத்தியிருந்தான். கும்பிடும்போதே அது அவன் கண்ணில் பட்டிருக்கும்.