மஞ்சள் செண்டுமல்லி

"ஏம்புள்ள, இந்தப் பூவு எதுக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா?"

கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே கேட்டான் பாக்கியநாதன். கொல்லையில் செண்டுமல்லி விதை தூவிக்கொண்டிருந்த அவன் மனைவி இன்பமேரி அடுத்த பிடி விதையை அள்ளினாள்.

ஆகஸ்டில் மாதா திருநாள் முடிந்த கையோடு வேதக்காரர் வீட்டில் செண்டுமல்லி விதைத்தால், அது நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்குத்தான். ஆட்டையாம்பட்டியில் சின்னக் குழந்தைக்கும் இது தெரியும். ஆனால் மோகனூரிலிருந்து பிழைக்க வந்த இவர்களுக்கு இந்த ஊர்க் கல்லறையில் யாரும் இல்லை. இதுவரை இல்லை.

தச்சு வேலைக்காரனான பாக்கியநாதன் நெஞ்சு நோயில் விழுந்து ஆறு மாதம் ஆகிறது. போன வாரம் சேலத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். அவன் பெஞ்சில் சாய்ந்திருக்க, அவள் வரிசையில் நின்று இரண்டு ஓ.பி. சீட்டு வாங்கி வந்தாள். எல்லாம் பார்த்து முடித்தபின் டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். திரும்பி வந்தவளிடம் பஸ் ஏறியதும் கேட்டான்.

"டாக்டர் என்னதான் சொன்னாரு?"

"மருந்து கேக்குதாம். எந்திரிச்சு நடமாடச் சொன்னாருங்க."

நம்புவானா? சாகக் கிடப்பவனிடம் எல்லோரும் சொல்கிற பொய்தானே அது.

"வெதைக்கிறதும் வெதைக்கிற, எல்லாம் மஞ்சளா? எனக்குப் புடிச்ச செவப்பையாவது போட்டிருக்கலாம்."

கொல்லையில் அவள் மண்ணைத் தட்டி மூடினாள்.

நாற்று முளைத்த அன்று செம்பைக் கட்டிலருகே வைத்தாள். "எனக்கு முடியலீங்க. நீங்க கொஞ்சம் தண்ணி ஊத்துங்க."

அவனுக்கு வந்ததே கோபம். என் கல்லறைப் பூவுக்கு நானே தண்ணீர் ஊற்ற வேண்டுமா? பிடுங்கி எறியலாம் என்றே எழுந்தான். சுவரைப் பிடித்துப் பிடித்துக் கொல்லைக்குப் போய்க் குந்தினான். மண்ணைத் தலையில் சுமந்தபடி இரண்டு இலை விட்டு நின்றது ஒரு குருத்து. பாவமாக இருந்தது. ஒரு செம்பு ஊற்றிவிட்டு வந்து படுத்துக்கொண்டான்.

மறுநாளும் போனான். பிறகு களை எடுத்தான், பூச்சி பொறுக்கினான். அக்டோபரில் கிணற்றில் அவனே நீர் இறைத்தான். பசி வந்தது. துருப்பிடித்த உளியைத் தேடி எடுத்துத் தீட்டி வைத்தான். ஆனாலும் மொட்டு வைக்க வைக்க விரல்விட்டு நாளை எண்ணினான். நாள் நெருங்குகிறதே.

திருநாளுக்குப் பத்து நாள் முன்பு கொல்லை முழுக்க மஞ்சளாகப் பூத்தது. பாக்கியநாதன் இருமாமல் குனிந்து ஒரு கூடை பறித்தான். அவனுக்கே சிரிப்பு வந்தது.

கட்டிலில் இப்போது இன்பமேரி சாய்ந்திருந்தாள். வேலை அலுப்பு என்றிருந்தான். கூடையை அவள் மடியருகே வைத்தான்.

"பாத்தியா புள்ள? கல்லறைத் திருநாளு கிட்ட வந்தும் கல்லாட்டம் நிக்கறேன். இப்பச் சொல்லு, இந்தப் பூவை ஆரு கல்லறையில வெப்பே?"

ஒரு பூவை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில வாங்குன ரெண்டாவது சீட்டு என்னுதுங்க."