நாச்சிமுத்துவின் முதல் வார்த்தை

"இந்தப் போனு எங்கூட்டுக்காரர் பேச்சைக் கடிச்சுத் துப்புது அம்மிணி," என்று ரிப்பேர் கடை பெனாசிரிடம் நீட்டினாள் குணவதி.

ஆபரேஷனில் குரல்வளையை எடுத்தபின் அவள் கணவர் நாச்சிமுத்துவின் பேச்சு, வாயசைவைக் குரலாக்கும் கழுத்துப் பட்டையிலிருந்து வைஃபை வழியாகக் குணவதியின் போனில்தான் ஒலிக்கும்.

பெனாசிர் அந்த லினக்ஸ் போனைச் சோதித்தாள். "சிக்னல் நல்லாத்தானே இருக்குதுங்க்கா?"

"எதுக்கெடுத்தாலும் 'குணா'ன்னு ஆரம்பிக்கிற மனுசன். இப்ப 'காப்பி வெக்கிறயா', 'மாத்திரை எங்க', அவ்வளவுதான். ஆபரேசனோட எம் பேரையும் விட்டுட்டாரு."

"அவர்கிட்டயே கேக்கறதுதானுங்க்கா?"

"இதையெல்லாம் கேட்டா வாங்குவாங்க?"

பெனாசிர் திரையைப் பார்த்துச் சிரித்தாள். "பேச்சில்லாத நேரம் சார்ஜை மிச்சம் பண்ண வைஃபை தூங்கிருதுங்க்கா. அவர் பேசினதும் அது முழிக்கிறதுக்குள்ள முதல் வார்த்தை போயிருது." ஒரு கட்டளையைத் தட்டி அந்தத் தூக்கத்தை நிறுத்தினாள்.

வெளியே ஸ்கூட்டரில் காத்திருந்த நாச்சிமுத்துவுக்குப் பொறுமை போய்விட்டது. போன் பேசியது: "குணா, இன்னும் எத்தன நேரம்?"

குணவதி போனை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டாள்.

"பதில் சொல்லுங்க்கா, பாவம்."

"இரு அம்மிணி, இன்னொருக்காக் கூப்பிடட்டும்."