ஒன்பது திருத்தங்கள்

பத்து நிமிடம் வெளியே இருங்கள் என்று சொல்லித்தான் வாய்மொழித் தேர்வை நடத்திய தேர்வாளர்கள் இருவரும் கதவைச் சாத்தினார்கள். இருபத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது.

உள்ளே யாரோ சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பா, கெட்ட சிரிப்பா என்று தெரியவில்லை.

நடைக்கூடத்து நாற்காலியில் எம்ரிஸ் உட்கார்ந்திருந்தார். மெனாய் நீரிணையில் சிப்பி எண்ணும் இந்த ஆய்வுக்கு மூன்று வருடம் படகு ஓட்டியவர். இன்று கோட்டு போட்டு, டை கட்டி வந்திருந்தார். இழுத்து இழுத்து முடிச்சு காதுக்குக் கீழே போயிருந்தது.

என்ன கேட்டார்கள் என்றார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் தவிர என்றேன்.

அந்தப் பக்கத்து அட்டவணையில் ஒரு பிப்ரவரிக் கட்டம் காலி. மற்ற முப்பத்தைந்து மாதங்களுக்கும் எண்ணிக்கை இருக்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து வந்திருந்த தேர்வாளர் ரூத்வன் அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்து, ஏன் என்று கேட்டார். அன்று எண்ணவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். ஒரு வரி அல்ல, நாலைந்து வரி.

எம்ரிஸ் தரையைப் பார்த்தார். அன்றும் படகை ஓட்டியவர் அவர்தான்.

"பாதி வழியில மயக்கம் வந்து திரும்பிட்டோம்னு சொல்லியிருக்கலாமே, பெத்தன்."

"சொன்னா பாவம் பாத்து பாஸ் போட்டுடுவாங்க."

வீம்பு பிடித்து மூன்று வருட உழைப்பைக் கெடுத்துவிட்டேனோ? ஒரு வாக்கியம்தானே, சொல்லித் தொலைத்திருந்தால் என்ன?

இப்போதும் நேரம் இருக்கிறது என்று தோன்றியது. எழுந்து போனேன். தட்டக் கையைத் தூக்கவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது.

ரூத்வன் எங்கள் இருவரையும் உள்ளே அழைத்தார். உட்காரும் முன்பே, தேர்ச்சி என்று சொல்லிவிட்டார். அந்தக் கட்டத்தில் ஏதோ ஒரு எண்ணை இட்டு நிரப்பாமல் விட்டிருந்ததைப் பார்த்துத்தான் மற்ற எண்களின் மேல் நம்பிக்கை வந்தது என்றார்.

எம்ரிஸ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"சின்னச் சின்னத் திருத்தம் ஒன்பது இருக்கு. வழக்கம்போல மூணு மாசத்துக்குள்ள அவங்க…"

ரூத்வன் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

இந்த ஆய்வை எழுதியவள் எம்ரிஸின் மகள் லோவ்ரி. அவளை ஏப்ரலில் அடக்கம் செய்தோம். எழுதியவர் இல்லாதபோது ஆய்வு வழிகாட்டி வந்து பதில் சொல்லலாம் என்று பல்கலைக்கழக விதிகளில் எங்கோ ஒரு மூலையில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இன்று நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

எம்ரிஸ் திருத்தப் பட்டியலுக்குக் கையை நீட்டினார்.

"குடுங்க. பொண்ணு விட்டுட்டுப் போனத நாங்க ரெண்டு பேரும் முடிச்சிடறோம்."

இருவரும் சேர்ந்து படித்தோம். எட்டு எழுத்துப் பிழைகள். ஒன்பதாவது: நன்றியுரைப் பக்கம் காலியாக உள்ளது, நிரப்பவும்.

அதைக் கடைசியில் எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தாள்.

ரூத்வன் பட்டியலைத் திரும்ப வாங்கினார். ஒன்பதாவதை அடித்துவிட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.