புள்ளிக்குப் பதில் சுழி

"பேரு பத்து இருக்கு. கை ஒண்ணாத்தான் இருக்கு. யாரும்மா உக்காந்து போட்டது?"

மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார் மனு வாங்கும் மேசைக்காரர்.

"அவங்கவங்கதான் சார் போட்டாங்க" என்றார் விக்டோரியா.

எம்.பி. தேர்தலுக்குச் சுயேச்சையாக நிற்கும் விக்டோரியாவுக்கு மனு கொடுக்கத் திருவள்ளூர் வந்திருந்தோம். கடைசி நாள். மூன்று மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நாற்பது.

சுயேச்சை என்றால் தொகுதியில் ஓட்டுள்ள பத்துப் பேர் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும். போட்டோம். பத்துப் பேரும் கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் காண்ட்ராக்ட் ஆட்கள். ஒன்பது பேர் இந்நேரம் உலை முன்னால் நிற்கிறார்கள். ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வந்தவன் நான் ஒருவன்தான்.

மேசைக்காரர் பேனா முனையால் பெயர்களைத் தட்டினார்.

சாம்சன். வரதன். பூவம்மாள். சுப்பராயன்.

"பாருங்க, ஒருத்தரும் புள்ளி வைக்கல. புள்ளி வர்ற எடத்துல எல்லாம் சுழி. ஒரே மாதிரி சுழி. கள்ளக் கையெழுத்துன்னா மனு நிக்காதும்மா."

சுப்பராயன் நான்தான்.

விக்டோரியாவைப் பார்த்தேன். கம்பிக் கட்டுகளுக்குச் சாக்பீஸால் நம்பர் எழுதுவது அவர் வேலை. விரலெல்லாம் எந்நேரமும் வெள்ளையாக இருக்கும்.

வாய்க்குக் குறைவில்லாதவர். போன வாரம் மில் கேட்டில் செக்யூரிட்டி நக்கலடித்தான்: "இன்னாக்கா, எம்.பி. ஆயி டில்லிக்கு லோக்கல் ட்ரெயின்லயா போவ?"

"டில்லி வண்டியும் இந்தத் தண்டவாளத்துலதாண்டா போவுது. நம்மூர்ல நிக்கிறதில்ல. அதான் நான் நிக்கிறேன்."

அவன் கதவைத் திறந்துவிட்டான்.

அப்படிப்பட்டவர் இங்கே ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னால் போதும். சொல்லவில்லை. தன்னைப் பற்றித் தானே பேச அவருக்கு வராது. ஓட்டுக் கேட்கக் கிளம்பியவருக்கு அது ஒன்றுதான் வராது.

"இவருதான் சுப்பராயன் அண்ணன்" என்றார். "உங்க எதிர்லயே போடட்டும் சார்."

வெள்ளைத் தாளும் பேனாவும் என் முன்னால் வந்தன.

ஐம்பத்தோரு வயதில் எழுதப் பழகியவன் நான். பழகி இரண்டு வருஷம்தான் ஆகிறது. பேப்பரிலும் போஸ்டரிலும் புள்ளிதான் வைக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். இப்போது புள்ளி வைத்தால் மனுவில் போட்டதோடு ஒத்துப்போகாது. சுழி போட்டால் ஒரே கை என்பார்.

கம்பியைக் குறடால் பிடிப்பதுபோலப் பேனாவை இறுக்கிப் பிடித்தேன்.

"மெதுவாப் போடுண்ணே. லாரி ஒண்ணும் கெளம்பல" என்றார் விக்டோரியா. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

சு. ப. அதன் தலையில் ஒரு சுழி.

ப. ரா. ய. ன. அதன் தலையிலும் ஒரு சுழி.

மேசைக்காரர் தாளை இழுத்து மனுவுக்குப் பக்கத்தில் வைத்தார். என் சுழியைப் பார்த்தார். மற்ற ஒன்பது பேருடையதையும் பார்த்தார். பிறகு கண்ணை இறக்கி, அடியில் வேட்பாளரின் கையெழுத்தில் நிறுத்தினார்.

விக்டோரியா.

'க'வின் தலையில் அதே சுழி.

நிமிர்ந்து விக்டோரியாவைப் பார்த்தார். அவரோ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று.

"துருப்புடிச்ச தகட்டுல சாக்பீஸால புள்ளி வெச்சா கண்ணுக்குத் தெரியாது சார். அதான் டீ டைம்ல ஒக்கார வெச்சு, தங்கச்சி எங்களுக்கு எழுத்தச் சுழியாவே சொல்லிக்குடுத்துச்சு."

மேசைக்காரர் முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு, தணிந்த குரலில் என்னிடம் கேட்டார்.

"பத்துப் பேருக்குமா?"

"மனுல பத்துப் பேருக்குத்தான சார் எடம் இருந்துச்சு."