ஒற்றைத் துளை

பேட்டரி பத்தொன்பது சதவீதம்.

சார்ஜர் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. சுவரில் செருகி, சுவிட்சும் போட்டிருந்தது. வயரின் நுனி மட்டும் மேசைமேல் சும்மா இருந்தது.

கையை நீட்டினால் போதும்.

நீட்டினால் எல்லாம் போச்சு.

அவள் லேப்டாப்பில் இருப்பது ஒரே ஒரு துளை. அதில், ஒரு துளையைப் பலவாக்கும் ஹப்பைச் செருகியிருந்தாள். ஹப்பிலிருந்து மூன்று வயர்கள் கிளம்பின. ஒன்று கேமராவுக்கு, கைகளையும் மேசையையும் அது காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்று கூடத்திலிருந்து கதவிடுக்கு வழியாக வந்த இன்டர்நெட் வயர். இன்னொன்று மவுஸ்.

சார்ஜரும் அந்த ஹப் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

அதைச் செருகும் நொடியில் ஹப் ஒருமுறை அணைந்து எரியும். செருகியிருக்கும்போது கரண்ட் போனாலும் அப்படித்தான். கண் சிமிட்டும் நேரம். அதற்குள் கேமரா போய்த் திரும்பியிருக்கும்.

கேமரா போனால் ஆன்லைன் தேர்வு மூடிக்கொள்ளும்.

இது நேற்றே தெரியும். ஒவ்வொன்றாகச் செருகி, உருவி, மறுபடி செருகிப் பார்த்திருந்தாள். அவர்கள் தெருவில் சாயங்காலமானால் கரண்ட் வந்து வந்து போகும். அதனால்தான் பேட்டரியை முழுக்க நிரப்பிவிட்டு, தேர்வு தொடங்கும் முன் சார்ஜரைத் தானே கழற்றி வைத்தாள்.

மூன்று வயர்களும் அந்த ஒரே துளை வழியாகப் பேட்டரியை உறிஞ்சும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

இன்று கரண்ட் போகவே இல்லை. தலைக்கு மேல் மின்விசிறி சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

பதினாறு.

தேறினால் சென்னையில் வேலை. அவள் படித்த மாலை வகுப்புக்கு வந்து ஆள் எடுத்த கம்பெனி, சான்றிதழோடு திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தது. தவறினால் அதே திங்கட்கிழமை பெயிண்ட் கடை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பில் போடும் அதே நாற்காலி.

கதவுக்கு வெளியே வீடு மூச்சுக் காட்டாமல் இருந்தது. விசில் கேட்கும் என்று அண்ணி குக்கர் வைக்கவில்லை. அண்ணனுக்கு இருமல். அவனை மொட்டை மாடிக்கு அனுப்பியிருந்தாள்.

தேர்வைக் கண்காணிக்கும் பெண் எந்த ஊரிலோ இருந்தாள். தொடக்கத்தில் தன் பெயர் ரெஜினா என்று சொல்லியிருந்தாள். முகம் தெரியாது. ஸ்பீக்கரில் குரல் மட்டும்.

அவளிடம் அனுமதி கேட்டு மவுஸை உருவினாள். பேட்டரி அதைப் பொருட்படுத்தவில்லை.

பிறகு சார்ஜரைப் பற்றிக் கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்திருந்தது.

“கேமரா ஒரு செகண்ட் போனாலும் சிஸ்டம் மூடிக்கும்மா. திருப்பித் திறக்க எனக்கும் வழி இல்ல.”

கொஞ்ச நேரம் கழித்து அதே குரல், இன்னும் தணிவாக:

“நானும் ஒன்பது மணி வரைக்கும் இந்த சீட்டை விட்டு எந்திரிக்க முடியாதுதான். பாத்து எழுதுங்க.”

பதினொன்று.

சந்தேகக் கேள்விகளுக்கு மஞ்சள் கொடி வைத்திருந்தாள். மீண்டும் பார்ப்பதற்காக. முதல் சுற்றில் சிலவற்றை மாற்றினாள். இரண்டாவது சுற்றில் அவற்றைப் பழையபடி ஆக்கினாள். இப்போது நடப்பது மூன்றாவது சுற்று.

தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவள் அவள். இழுத்துப் பார்த்தது நினைவில் தங்காமல் மறுபடியும் திரும்புவாள்.

ஒரு கேள்வியில் மூன்றாம் விடையிலிருந்து இரண்டாம் விடைக்குப் போனாள். அடுத்த கேள்விக்குப் போகாமல் மூன்றாம் விடைக்கே வந்தாள்.

ஏழு.

திரை தானாக மங்கியது. எழுத்துகள் தெரியக் கண்ணை இடுக்கினாள்.

அடுத்த கொடி. அடுத்த கொடி. எண்ணெய் தீரும் வண்டியில் பெட்ரோல் பங்க் தேடுவதுபோல் தேடினாள். எதை என்று சொல்லத் தெரியவில்லை.

ஐந்து.

அப்போதுதான் கேள்விப் பட்டியலை முழுதாகப் பார்த்தாள். விடையில்லாத கேள்வி அதில் ஒன்றுகூட இல்லை. முதல் சுற்றுக்கு முன்பே எல்லாவற்றுக்கும் விடை குறித்திருந்தாள். பேட்டரி பாதிக்கு மேல் இருந்தபோதே.

கீழே, வலது மூலையில், முடிக்கும் பட்டன் இருந்தது. ஆரம்பத்திலிருந்தே அங்கேதான் இருந்தது.

விரல் டச்பேடில் வழுக்கியது. வியர்வையைச் சுடிதாரில் துடைத்தாள்.

மூன்று.

இன்னும் நான்கு கொடிகள் பாக்கி. ஒன்றையாவது பார்த்துவிடலாம். அந்த இரண்டா மூன்றா கேள்வியையாவது.

பார்க்கவில்லை. பட்டனை அழுத்தினாள்.

திரையின் நடுவில் ஒரு பெட்டி எழுந்தது. திருத்த இனி வாய்ப்பில்லை என்றது. முடிப்பது உறுதிதானா என்று கேட்டது. ஆம். இல்லை.

அவள் அதைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

உறுதியாக இல்லை.

ஆம் என்பதை அழுத்தினாள்.

ஒரு சிறு வட்டம் சுற்றத் தொடங்கியது. ரெஜினா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முதல் எழுத்து மட்டும் கேட்டது.

திரை அணைந்தது.

பதில் போய்ச் சேர்ந்ததா, வட்டத்தோடு நின்றுவிட்டதா என்று கேட்க எதிரில் யாருமில்லை.

ஸ்பீக்கரில் குரல் பாதியில் அறுந்தது வெளியே கேட்டிருக்க வேண்டும். அண்ணி கதவருகே வந்து நிற்பது தெரிந்தது. தட்டவில்லை.

“முடிஞ்சுதா கண்ணு?”

அவள் இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முடிச்சுட்டேன் அண்ணி.”