முதலில் சிவப்பு

பச்சை வந்துவிட்டது.

நெவென்கா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். பச்சை வரக் கூடாது. அவள் இன்னும் நிரலே எழுதவில்லை.

காலையில் அலுவலகத்தின் மூத்த நிரலாளன் ஷிமே சொன்னது இவ்வளவுதான். என்ன வேண்டும் என்பதை முதலில் ஒரு சோதனையாக எழுத வேண்டும். அதைச் செய்கிற நிரல் இன்னும் இல்லாததால் சோதனை தோற்கும், திரை சிவக்கும். அதற்குப் பிறகுதான் நிரலை எழுதிப் பச்சையாக்க வேண்டும்.

"சிவப்பக் கண்ணால பாக்காம ஒரு வரிகூட எழுதாதீங்க" என்று இரண்டு முறை சொன்னான்.

அவளுடைய சோதனை சின்னது. தீவுக்குப் போகும் கப்பலில் ஒரு கார் ஏறுகிறது. எடை ஒன்றரை டன். அது பின்னால் இழுத்து வரும் படகு ஒரு டன். கப்பல் தளத்தின் பாரக் கணக்கில் இரண்டரை டன் சேர வேண்டும்.

பதினெட்டு வருடம் ஸாதர் துறைமுகத்தில் டிக்கெட் கொடுத்தவளுக்கு இந்தக் கணக்கு தெரியாததல்ல. டிக்கெட் எல்லாம் போனுக்குப் போனபோது கவுன்டரை மூடிவிட்டார்கள். நாற்பத்தைந்து வயதில் கணினி படித்து, கப்பல்களுக்கு நிரல் எழுதும் இந்தச் சின்ன அலுவலகத்தில் மூன்று மாதம் தற்காலிகமாகச் சேர்ந்தாள்.

அந்த மூன்று மாதம் இன்று முடிகிறது.

இந்த ஒரு வேலையை முடித்துக் காட்டினால் நாற்காலி நிரந்தரம். பன்னிரண்டு மணிக்கு முதலாளி மரியேட்டா வந்து பார்ப்பாள்.

அடுத்த மேசையில் தாங்கோ எண்ணெய் வடியும் புரேக்கைக் கடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தான். "பச்சை வந்ததுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிற மொத ஆளு நீங்கதான்க்கா. எங்களுக்கெல்லாம் வரலன்னாதான் அழுகை."

அவர்கள் எல்லோரும் நிரலைத்தான் முதலில் எழுதுவார்கள். நேரம் இருந்தால் கடைசியில் சோதனை.

நெவென்கா எழுதியதைத் திரும்பப் படித்தாள். தவறு எதுவும் தென்படவில்லை.

யாரும் பார்க்காதபோது கீழே இன்னொரு சோதனை சேர்த்தாள். இரண்டும் இரண்டும் ஐந்து.

பச்சை.

நானூற்றுப் பதிமூன்று சோதனைகள். எல்லாமே பச்சை.

மணி பதினொன்றரை. ஐந்தை அழித்துவிட்டு நிரலை எழுதி, பச்சையைக் காட்டிவிட்டுப் போகலாம். யாரும் கேட்கப் போவதில்லை.

ஆனால் கப்பல் நிறைந்தால் யார் கெஞ்சினாலும் இடமில்லை என்று சொல்லியே பழகிய வாய் அது.

"ஷிமே, இங்க கொஞ்சம் வாங்களேன். ரெண்டும் ரெண்டும் அஞ்சுன்னு போட்டேன். சரிங்குது."

அறை சிரித்தது. தாங்கோ தன் கணினியில் ஏழு என்று போட்டுப் பார்த்தான்.

அதுவும் பச்சை. அவன் சிரிப்பு நின்றது.

அப்போதுதான் காபியோடு உள்ளே வந்த மரியேட்டா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஷிமே சிரிக்கவில்லை. திகைக்கவும் இல்லை. நெவென்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லோருடைய கணினிக்கும் பொதுவான ஒரு கோப்பைத் திறந்தான். எங்கும் தேடவில்லை. நேராக அந்த வரிக்குப் போனான்.

சோதனை தோற்றாலும் பச்சை காட்டு என்று இயந்திரத்துக்குச் சொல்லும் வரி. அதன் மேல் ஒரு குறிப்பு: 'இன்றைக்கு மட்டும். நாளை எடுத்துவிட வேண்டும்.'

தேதி நான்கு வருடத்துக்கு முந்தைய ஆகஸ்ட். கீழே ஷிமேயின் பெயர்.

அவன் அந்த வரியை அழித்துவிட்டுச் சோதனைகளை ஓடவிட்டான்.

எல்லோரும் எழுந்து வந்து நின்றார்கள். நான்கு வருடம் யாரும் பாராத சோதனைகள். திரை முழுக்கச் சிவக்கும் என்று காத்திருந்தார்கள்.

இரண்டே இரண்டு சிவப்பு. இரண்டும் நெவென்காவுடையவை.

"மத்ததெல்லாம் எப்படிடா சரியா இருக்கு?" என்றாள் மரியேட்டா.

ஷிமே தன் மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தான். நோட்டுப் புத்தகங்கள். நிரலில் யார் எதை மாற்றினாலும், அத்தனை கப்பலுக்கும் பாரக் கணக்கைப் பென்சிலால் போட்டுப் பார்த்திருந்தான். தவறு வந்த இடங்களைச் சத்தமில்லாமல் திருத்தியிருந்தான். நான்கு வருடமும்.

"ஒரு வரிடா. நீயே எடுத்திருக்கலாமே?"

"எடுத்தா, ஏன் இருந்துச்சுன்னு கேப்பீங்க."

மரியேட்டா ஒரு நோட்டைப் புரட்டினாள், மூடினாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து நெவென்காவின் அருகில் போட்டுக்கொண்டாள்.

"இந்த அஞ்சை அழிச்சிடுங்க. இன்னொரு சிவப்பு நெஜமானதுதானே? நாளைக்கு வந்து பச்சையாக்குங்க. இன்னிக்கு நான் இவனோட பேசணும்."

நாளைக்கு என்ற சொல் நெவென்காவுக்குள் இறங்கச் சற்று நேரம் ஆயிற்று.

ஷிமே அவள் பக்கம் திரும்பினான். முகம் ஏதோ பாரத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

"இந்த நாற்காலிக்கு உங்களுக்கு முன்னாடி வந்தவங்க அஞ்சு பேர். எல்லார்கிட்டயும் இதேதான் சொன்னேன்க்கா, மொதல்ல சிவப்பப் பாருங்கன்னு. அஞ்சு பேரும் பச்சையப் பாத்துட்டு சந்தோஷமா வேலையத் தொடர்ந்துட்டாங்க."