கயிற்றுச் சீட்டு

“பொய் சொல்றாளுங்க டாக்டரம்மா. நான் அப்பவே சொன்னேன்ல?” என்றார் ஆண்டியப்பன் கங்காணி.

சுலக்ஷனாவுக்கும் அப்படித்தான் பட்டது.

கொழுந்து பறிக்கும் பெண்களுக்குத் திடீர் திடீரென்று தலையில் குத்துகிற வலி வருகிறதே, அது கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிச் சுமப்பதாலா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், அந்த வலி உள்ளவர்களைக் கூட்டிச் சீட்டுக் குலுக்கினாள். பாதிப் பேருக்குத் தோளில் மாட்டும் பெல்ட். மீதிப் பேருக்கு வழக்கம்போலத் தலைக்கயிறு. பெல்ட்காரர்களுக்கு மட்டும் வலி குறைந்தால், தோட்டத்துக்கே பெல்ட் வாங்கித் தருவதாகத் தோட்டத்து மேனேஜர் துரை சொல்லியிருந்தார்.

ஒரு மாதம் கழித்து வந்து கேட்டால், பெல்ட்காரர்களுக்கு வலி குறைந்திருந்தது. கயிற்றுக்காரர்களுக்கும் குறைந்திருந்தது.

“பேச்சியம்மாக்கா, போன மாசம் என்ன சொன்னீங்க?”

“செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியால குத்தி உருவுற மாதிரி இருக்குன்னேன்.”

“இப்ப?”

“குண்டூசி மாதிரி. அதுவும் எப்பவாவது.”

“உங்களுக்குக் கயிறுதானே விழுந்துச்சு?”

“கயிறுதாங்க.” பேச்சியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் நின்றவர்கள் சிரிப்பை அடக்கப் பாடுபட்டார்கள்.

“வலியே இருந்திருக்காது,” என்றார் கங்காணி. “மலைக்குப் போகாம அரை நாள் உக்காந்து கதை பேசலாம்னு பேர் குடுத்திருக்காளுங்க.”

துரையும் போனில் சிரித்தார். “ரெண்டு பக்கமும் ஒண்ணுன்னா பெல்ட் எதுக்கு டாக்டர்?”



மறுநாள் சுலக்ஷனா பெண்களிடம் சொல்லாமல் மலைக்கே போனாள். கையும் களவுமாகப் பிடித்துக் கொடுக்கிற உற்சாகத்தில் கங்காணி முன்னால் ஏறினார்.

பகல் கொழுந்தை எடை போட்டு முடிந்திருந்தது. பெண்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு எழுந்தார்கள். பெல்ட் சீட்டு விழுந்திருந்த ஜெயந்தினி, தன் பெல்ட்டைக் கழற்றிப் பேச்சியம்மாவின் தோளில் மாட்டி, வாரை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு பேச்சியம்மாவின் கயிற்றை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

அந்த நிரை முழுக்க அதுதான் நடந்தது.

“என்ன செய்றீங்க?”

ஜெயந்தினி நாக்கைக் கடித்துக்கொண்டாள். “காலையில நானு, பகலுக்கு மேல அவங்க. பக்கத்து நிரையில ஒரு ஆளு தலையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறப்ப, நான் மட்டும் எப்பிடிங்க நோகாம பறிக்கிறது?”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“ஏசுவீங்கன்னுதான்.”

சுலக்ஷனா பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். “அக்கா, ஆராய்ச்சியே பாழாப் போச்சு.”

“ஐயோ, எல்லாருக்கும்தானே கொறஞ்சிருக்கு?” பேச்சியம்மா பதறினாள்.

“அதுதான் பிரச்சினை. கயிறு போட்டவங்களுக்கு வலிச்சாத்தான், பெல்ட் நல்லதுன்னு துரை நம்புவாரு.”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேச்சியம்மா மெதுவாகக் கேட்டாள்.

“அப்பக் கொஞ்சப் பேரு இன்னொரு மாசம் வலியத் தாங்கிக்கிட்டா, அப்புறம் தோட்டத்துக்கே பெல்ட்டு. அப்பிடித்தானே?”

“அப்படித்தான். இந்தத் தடவை மாத்திக்கக் கூடாது. கட்டாயம் இல்ல, தாங்க முடியலன்னா உடனே விட்டுடலாம். மறுபடி சீட்டுக் குலுக்கணும்.”

கங்காணி அவள் காதருகே குனிந்தார். “இப்பப் பாருங்க. பெல்ட்டுக்கு அடிச்சுக்குவாளுங்க.”

“சீட்டு எதுக்குங்க?” ஜெயந்தினி முன்னால் வந்தாள். “எனக்குக் கயிறு. போன தடவ பெல்ட்டு விழுந்தவதானே நானு?”

“சும்மா இரு புள்ள. நேத்து வந்தவ நீ. இந்தக் கயித்துக்கும் எனக்கும் கல்யாணத்துக்கு முன்னாலேயே பழக்கம்.” பேச்சியம்மா அவள் தலையிலிருந்த கயிற்றைப் பிடுங்கினாள்.

“ரெண்டு பேரும் தள்ளுங்கடி,” என்று சண்முகவடிவு நடுவில் புகுந்தாள். “என் தல பாறாங்கல்லு. என் மாமியாரையே கேட்டுப் பாருங்க.”

மலையே சிரித்தது. “எனக்கு, எனக்கு” என்று எல்லாப் பக்கமும் கைகள் நீண்டன. கங்காணி தொப்பியைக் கழற்றி, அதற்குள் எதையோ தேடுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் கட்டிய சுலக்ஷனா, ஒரு பெல்ட்டைத் தூக்கிக் காட்டினாள்.

“சரி, இதுக்கு யாரு?”

ஒரு கைகூட உயரவில்லை.